கோகிலா போட்ட பத்துக்குப் பத்து

1

போன மாதத்தோடு இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் முடிந்தது. கேக் ஒன்றும் வெட்டவில்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனதால் வழக்கம்போல அரிசிம்பருப்பு சாதம் வைத்தேன். இங்கே கிடைக்கும் சின்ன வெங்காயத்துக்குச் 'சின்ன' மட்டும்தான் பொருந்தும், வெங்காயத்தின் ருசி கிடையாது. ஆனாலும் தாளித்த வாசத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டால் ஆனைமலையில் எங்கள் வீட்டு அடுக்களைக்குப் போய்விட்டு வரலாம்.

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இது ஜெர்மனி. ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். பம்பு செய்கிற கம்பெனியில் சோதனைப் பிரிவில் எனக்கு வேலை. கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள் உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் பம்பும் மோட்டாரும் அவனை விடாது போலிருக்கிறது.

சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் அடித்தது. தங்கை கோகிலா. அங்கே சாயங்காலம் ஆகியிருக்கும்.

"ஏனுங்ணா, சாப்டாச்சுங்களா?"

"ஆச்சு கண்ணு. என்ன, குரல் ஒரு மாதிரி இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்ணா." பிறகு அவளே தொடங்கினாள். "காலேஜுல இருந்து மெயில் வந்திருக்குதுங். முழுசாப் புரியல. திட்டியிருக்காங்கன்னு மட்டும் தெரியுது."

அனுப்பச் சொல்லிப் படித்தேன். திட்டு ஒன்றுமில்லை, ஆனால் அதைவிட மோசம். அவள் படிக்கிற இணையவழிப் பல்கலைக்கழகத்தில், வாரம் ஒரு கட்டுரை எழுதுவதோடு வேலை முடியாது. கூடப் படிக்கிற மூன்று பேரின் கட்டுரைகளைப் படித்து, பத்துக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போட்டு, எங்கே குறை என்றும் எழுத வேண்டும். ஐந்து வாரமாகக் கோகிலா எல்லோருக்கும் பத்துக்குப் பத்து போட்டிருக்கிறாள். கேள்விக்குச் சம்பந்தமே இல்லாமல் எழுதியவருக்கும் பத்து. பாதியைப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டவருக்கும் பத்து. குறை எழுத வேண்டிய இடத்தில் 'வெரி குட், நல்லா இருங்க' என்று ஆசீர்வாதம். மீதி இருக்கும் மூன்று வாரமும் இப்படியே போனால் இந்தப் பாடத்தில் தேறமுடியாது என்று ஆசிரியர் எழுதியிருந்தார்.

"எதுக்கு கண்ணு எல்லாருக்கும் பத்து போட்டே?"

"வேற எப்படீங்ணா போடறது? பாவம், எந்தெந்த தேசத்துல இருந்தோ எழுதறாங்க. ஒரு புள்ள கைக்கொழந்தய வச்சுக்கிட்டுப் படிக்குது. அதுகிட்டப் போயி உனக்கு நாலுதான்னு சொல்ல முடியுங்களா?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

2

இந்தப் பாடத்தில் தேறினால்தான் அவளைப் பட்டப்படிப்பு மாணவியாகச் சேர்த்துக்கொள்வார்கள். பொதுச் சுகாதாரம் என்று ஒரு பட்டம். கோகிலாவுக்கு நாற்பத்தைந்து வயது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கில் பன்னிரண்டு வருடமாக டோக்கன் போடுகிறாள். யாருக்குச் சர்க்கரை, யார் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஒழுங்காகச் சாப்பிடுவதாகப் பொய் சொல்லுவார், எந்தப் பாட்டியின் நோவை எந்த மருமகள் முன்னால் சொல்லக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். போன வருடம் அங்கே மேலாளர் வேலை காலியானது. டாக்டரம்மா இவளிடம், "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும், ஆனா டிகிரி வேணுமே" என்றாராம். வந்து சேர்ந்த பெண்ணுக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்ததும் கோகிலாதான்.

இந்தப் பல்கலைக்கழகத்தைக் கண்டுபிடித்தது நானில்லை, அவளே. கிளினிக்கில் காத்திருந்த ஒரு பையன் போனில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தானாம், விசாரித்திருக்கிறாள். படிப்புக்குக் கட்டணம் இல்லை, தேர்வுக்கு மட்டும் கொஞ்சம், அதுவும் முடியாதவர்களுக்கு உதவி உண்டு என்று அவன் சொன்னதை அவள் நம்பவில்லை. "சும்மா குடுக்கறாங்கன்னா ஏமாத்து வேலையா இருக்குமோன்னு நெனச்சனுங்ணா" என்றாள். நான் நாலு நாள் துருவித் துருவிப் பார்த்துவிட்டு, அங்கீகாரம் எல்லாம் சரியாக இருக்கிறது, சேர்ந்துகொள் என்றேன்.

சேருவது லேசில் முடியவில்லை. ப்ளஸ் டூ சான்றிதழை, அவள் படித்த பள்ளியே நேராக அனுப்ப வேண்டும் என்றார்கள். ஆனைமலைக்கு மூன்று தடவை போனாள். முதல் தடவை தலைமையாசிரியர் லீவு. இரண்டாம் தடவை, "வெளிநாட்டுக்கு மெயில் அனுப்ப எங்களுக்கு ஆர்டர் இல்லீங்களே" என்று எழுத்தர் அன்பாகச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். மூன்றாம் தடவை போகும்போது மாசாணியம்மனிடம் நியாயம் கேட்டு மிளகாய் அரைத்துப் பூசிவிட்டுப் போனதாகச் சொன்னாள். மெயில் அன்றைக்கே வந்துவிட்டது. அம்மனுக்கு ஜெர்மனி அலுவலகங்களையும் சொல்லி வைத்தால் தேவலை. விசா நீட்டிக்க நான் வருடா வருடம் கோப்போடு நின்ற நடைபாதைகள் இன்னும் கனவில் வருகின்றன.

கோகிலா தமிழ் வழியில் படித்தவள். கட்டுரையோ ஆங்கிலத்தில். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் எனக்கு அனுப்புவாள், நான் திருத்தித் தருவேன், அவள் சனிக்கிழமை அங்கே சமர்ப்பிப்பாள். முதல் வாரங்களில் பக்கத்துக்கு இருபது பிழை இருந்தது, இப்போது நாலைந்துதான். காந்திபுரத்தில் தொண்டாமுத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பாடம் கேட்பாள். பின்னால் கண்டக்டர் விசில், பூ விற்கிறவர் சத்தம் எல்லாவற்றோடும் எனக்குச் சந்தேகம் கேட்டு வாய்ஸ் மெசேஜ் வரும். சந்தேகத்தை ஒரு தடவையும், பஸ் ஸ்டாண்டுச் சத்தத்தை மூன்று தடவையும் கேட்பேன்.

3

பத்துக்குப் பத்து போட்டதற்காக நான் அவளைக் கேலி பண்ண முடியாது. நானும் அதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவன்தான்.

வந்த முதல் வருடம். ஜெர்மன் மொழியிலும் நம்மைப் போல 'நீ', 'நீங்கள்' உண்டு. நமக்கு 'நீங்கள்' தானாக வந்துவிடும். பக்கத்து வீட்டு ஐந்து வயதுக் குழந்தையிடம் "தாங்கள் எங்கே போகிறீர்கள்?" என்கிற கணக்கில் கேட்டு வைத்தேன். அதன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை.

கம்பெனியில் ஒருநாள் ஒரு பம்பைச் சோதித்தேன். தண்டுப் பக்கம் லேசாகக் கசிந்தது. அதைப் பொருத்தியவர் ஓய்வுபெற ஆறே மாதம் இருந்த பெரியவர். தினமும் எனக்குக் காபி எடுத்து வைப்பார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கசிகிறது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 'திருப்தி' என்று எழுதிவிட்டு, அப்புறமாக அவரிடம் ஜாடையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஜாடையாகச் சொல்ல எனக்கு ஜெர்மன் போதவில்லை. பம்பு வாடிக்கையாளரிடம் போய்த் திரும்பி வந்தது. மேலதிகாரியை எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன், வந்தது அந்தப் பெரியவர். "நீ சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் சரி செய்திருப்பேனே, இப்போது என் பெயர் கெட்டதே" என்றார். அப்புறம் ஒரு மாதத்துக்குக் காபி இல்லை.

கொங்குப் பேச்சின் மரியாதை ஊரறிந்தது. கோபத்தில் திட்டும்போதும் 'ங்க' போட்டுத் திட்டுவோம் என்று மற்ற ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டால் இன்றைக்கும் நெஞ்சு இளகிவிடும். விமான நிலையத்தில் இறங்கி, "ஏனுங், டாக்ஸி வேணுங்களா?" என்ற குரல் கேட்டதும் அழுதிருக்கிறேன். ஆனால் முகத்துக்கு நேரே 'இல்லை' சொல்ல முடியாத ஊர் அது. சொல்ல வேண்டிய இடத்தில் நாங்கள் ஒரு நல்ல வார்த்தையை வைத்து மூடிவிடுவோம். அப்படி நான் மூடிய ஒன்று இருக்கிறது. இருபத்தெட்டு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

4

நான் அப்போது கோயமுத்தூரில் விடுதியில் தங்கி என்ஜினியரிங் மூன்றாம் வருடம். கோகிலா ப்ளஸ் டூ முடித்திருந்தாள். என்னைவிட நல்ல மதிப்பெண். கோயமுத்தூரில் பெண்கள் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. சேர என்னை விட்டு விண்ணப்பம் வாங்கி, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, விடுமுறை முடிந்து கிளம்பிய என்னிடம் கொடுத்தாள். "மடங்காம கொண்டு போங்ணா" என்று ஒரு நோட்டுக்குள் வைத்துத் தந்தாள்.

அப்பா பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தார். ஆடிக் காற்று தென்னந்தோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தது. பஸ் தூரத்தில் வரும்போதுதான் பேசினார்.

"சாமி, பாப்பாவ நல்ல எடத்துல இருந்து பொண்ணு கேட்டிருக்காங்க. டவுன்ல சேத்திப்போட்டா அது தள்ளிப் போயிரும். அந்தப் பாரத்தக் குடுக்க வேண்டாங் கண்ணு. கேட்டா தேதி முடிஞ்சிருச்சுன்னு சொல்லிப்போடு. நான் சொன்னா அழும்."

செரிங்கப்பா என்றேன். அவரிடம் வேறு எதையும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. உக்கடத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்துக் காந்திபுரம் போனேன். கல்லூரி அங்கிருந்து நடக்கிற தூரம்தான். போகவில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடைகளின் வாசலில் டேப் ரெக்கார்டர்களைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன். விண்ணப்பம் வாங்கும்போது என்னிடம் சொன்ன கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது; பாரத்தில் தேதி போட்டிருக்கவில்லை.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது கோகிலா வாசலிலேயே நின்றிருந்தாள். "தேதி முடிஞ்சு போச்சு கண்ணு, நான் போனதுக்கு மொத நாளே" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அவளும் அதை நம்பி, "அப்புடிங்களா. செரீங்ணா, அலைஞ்சிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தத் தண்ணீரை நான் குடித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தை மாதம் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை லேத்துப் பட்டறைக்காரர், தங்கமான மனுஷன். கோகிலா நன்றாகத்தான் இருந்தாள். அதையே நான் எனக்குச் சமாதானமாகச் சொல்லிக்கொண்டு கப்பல் ஏறாத குறையாக இங்கே வந்து சேர்ந்தேன்.

5

என் மகள் நிலா அந்த வார இறுதிக்கு வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு வந்தாள். பக்கத்து நகரத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். இந்த நாட்டில் அதற்குக் கட்டணம் கிடையாது, பருவத்துக்கு ஒரு சிறு தொகைதான். இரண்டு வருடத்தில் இரண்டு தடவை பாடத்தை மாற்றிவிட்டாள். ஏன் என்றால், "பிடிக்கல அப்பா" என்பாள். குழாயில் தண்ணீர் வருவது போல அவளுக்குப் படிப்பு வந்துகொண்டிருக்கிறது. பொறாமையா கோபமா என்று தெரியாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்களுக்குள் பாதிப் பேச்சு ஜெர்மனில்தான் நடக்கிறது. தமிழில் பேச ஆரம்பித்தால் நாலாவது வாக்கியத்தில் வார்த்தை தீர்ந்துபோய் நழுவிவிடுவாள்.

மெயில் விஷயத்தைக் கேட்டுவிட்டு உடனே அத்தைக்குப் போன் போட்டாள்.

"அத்தை, நீ பண்றது தப்பு. எல்லாருக்கும் பத்துன்னா நீ படிக்கவே இல்லைன்னு அர்த்தம்."

'நீ' என்றதும் எனக்குத் திக்கென்றது. எத்தனை சொல்லியும் அந்த 'ங்க' இவள் நாக்கில் ஏறவே இல்லை. கோகிலா அந்தப் பக்கம் கலகலவென்று சிரித்தாள். "செரீங் சாமி, நீங்க சொன்னாச் செரி" என்று மருமகளுக்கு மரியாதை கொடுத்தாள்.

போனை வைத்துவிட்டு நிலா கேட்டாள். "அத்தை ஏன் அப்பவே படிக்கல? மார்க் இல்லையா?"

"இருந்துச்சு. அந்தக் காலம் அப்படி" என்றேன்.

"எப்படி?"

நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

6

அந்த ஞாயிற்றுக்கிழமை கோகிலா கூப்பிட்டபோது சாப்டாச்சுங்களா என்று கேட்கவில்லை.

"ஏனுங்ணா, அந்தக் கைக்கொழந்த வச்சிருக்கிற புள்ள சொன்னனல்ல, கானா தேசத்துப் புள்ள. அது எனக்கு எழுதியிருக்குதுங்."

அந்தப் பெண் எழுதியதன் சாரம் இதுதான். என் கட்டுரைக்குப் பத்து போட்டது நீங்கள்தான் என்று நினைக்கிறேன், எல்லோருக்கும் நீங்கள்தான் அப்படி வாழ்த்து எழுதுவீர்கள். சரியாகத்தான் எழுதுகிறேன் என்று நம்பி, நடுவில் வந்த தேர்விலும் அதே மாதிரி எழுதினேன். பத்துக்கு மூன்று போட்டிருக்கிறார்கள். நீங்கள் படித்தீர்களா, படிக்கவில்லையா?

"எனக்குப் பொக்குன்னு போயிருச்சுங்ணா" என்றாள் கோகிலா. "நான் படிச்சனுங். தப்பு எங்கன்னும் தெரிஞ்சுதுங். கேட்டது ஒண்ணு, அது எழுதுனது ஒண்ணு. மனசு நோகக் கூடாதுன்னு நல்லாருக்குன்னு எழுதிப்போட்டேன். நான் நல்லவளா இருக்கோணும்னு அந்தப் புள்ளயக் கெடுத்துப்போட்டனே."

"இப்ப என்ன பண்ணப் போறே?"

"பண்ணியாச்சுங்ணா. நேத்துக் காலைல நாலு மணிக்கே எந்திரிச்சு மூணு பேர்த்து கட்டுரையும் வரிவரியாப் பாத்தேன். ஒருத்தருக்கு ஆறு, ஒருத்தருக்கு எட்டு, ஒருத்தருக்கு நாலு. எங்க தப்பு, எப்படித் திருத்தறதுன்னு எழுதியிருக்கேன். நாலு போட்டு ரெண்டு தடவ அழிச்சனுங். ஆனாப் போட்டுட்டேன்."

நல்லது கண்ணு என்றேன்.  கிளினிக்கில் நடந்ததையெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே போனாள். எதுவும் காதில் ஏறவில்லை. இவளே அழித்து அழித்தாவது நாலு போட்டுவிட்டாள், நான் இன்னும் எத்தனை வருடம் தள்ளிப்போடுவது என்று இருந்தது. நடுவில் வெட்டி, "கோகிலா, ஒண்ணு சொல்லோணும்" என்றேன்.

சொன்னேன். பஸ் நிறுத்தம், அப்பா, காந்திபுரத்துக் கடைவாசல், எல்லாம். அப்பா போய் ஆறு வருடமாகிறது, அவரைக் காட்டி ஒளிந்துகொள்ள நினைக்கவில்லை என்றும் சொன்னேன்.

 எங்கள் ஊர் வழக்கப்படி இந்த இடத்தில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். 'அதெல்லாம் உடுங்ணா, பழசு' என்று வரும். அதற்காகத்தான் காத்திருந்தேன்.

"கடைசித் தேதிக்கு எத்தன நாள் மிச்சம் இருந்துச்சுங்ணா?"

"ரெண்டு நாள்."

"ரெண்டு நாளு." மெதுவாகச் சொன்னாள். "அப்பா அப்புடிச் சொன்னாருன்னு நீங்க எங்கிட்டச் சொல்லியிருந்தா, நான் அப்பாகிட்டச் சண்டை போட்டிருப்பனுங். சோறு திங்காம உக்காந்திருப்பேன். வேற பாரம் வாங்கி நானே பஸ் ஏறிப் போயிக் குடுத்திருப்பேன். இல்ல, முடியாமயும் போயிருக்கும். ஆனா அந்த ரெண்டு நாள் எனக்கு இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாமப் போயிருச்சுங்களே."

"தப்புதான் கண்ணு."

"வெசனமாத்தான் இருக்குதுங்ணா. இல்லீன்னு சொல்ல மாட்டேன். வச்சுடறனுங்."

7

அந்த வெள்ளிக்கிழமை கட்டுரை வரவில்லை. வேலை மும்முரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சோதனை மேடையில் பம்பு ஓடிக்கொண்டிருக்க, பத்துத் தடவை போனை எடுத்துப் பார்த்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. காந்திபுரத்து விசில் சத்தமும் வரவில்லை. பழைய வாய்ஸ் மெசேஜ்களைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றில் அவள் பேச்சுக்கு நடுவே யாரோ ஒரு பெண், "ஏனுங்க்கா, இந்த பஸ்ஸு வடவள்ளி போகுங்களா?" என்று கேட்கிறாள். போகாதுங் கண்ணு, அக்கட்டால நில்லுங்க என்று இவள் வழி சொல்கிறாள். அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன்.

"சொல்லுங்ணா. சாப்டாச்சுங்களா?" குரல் பழையபடிதான் இருந்தது.

"ஆச்சு. கண்ணு, கடைசிக் கட்டுரைக்குக் கெடு முடிஞ்சிருக்குமே. எனக்கு வரவே இல்லையே."

"அது போட்டாச்சுங்ணா. ரெண்டு வாரக் கட்டுரையும் போட்டாச்சு, பரிச்சையும் எழுதியாச்சு. முந்தாநேத்து ரிசல்ட் வந்துச்சு. பாஸுங். டிகிரில சேத்திக்கிட்டாங்க."

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்து பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டிருக்கிறேன். கோகிலாவும் சிரித்தாள். பிழை எத்தனை இருந்தது என்று கேட்டேன். இருந்துச்சுங், அதுக்கு மார்க் கொறைச்சாங்க, கொறைக்கட்டும் என்றாள். அடுத்த பாடம் எப்போது ஆரம்பம் என்று விசாரித்துவிட்டு, "செரி, முதல் கட்டுரையை எப்பவும்போல வெள்ளிக்கிழமை எனக்கு அனுப்பு, பாத்துத் தாரேன்" என்றேன்.

"வேண்டாங்ணா" என்றாள் கோகிலா. "இனி நானே போட்டுக்கறேனுங்."